மேட்டூர் நீர்மட்டமும் மற்ற பேச்சுகளும்

வானொலி நினைவுகள் என்று யாராவது ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் இலங்கை வானொலிக்குப் போய்விடுகிறார்கள். அறிவிப்பாளர்களின் குரல், பிறந்தநாள் வாழ்த்து, எந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டோம் என்று பேச்சு நீளும். எனக்கும் அதெல்லாம் பிடித்தவைதான். ஆனால் எங்கள் வீட்டு மர்ஃபி பெட்டியில் முள் அதிக நேரம் நின்றது திருச்சி நிலையத்தில். அது அப்பாவின் ஏற்பாடு. பாட்டுக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். பேச்சு நேரம் வந்தால் முள் திருச்சிக்கு வந்துவிட வேண்டும். புகையான் விழுந்த வயல், பிள்ளைக்குத் தடுப்பூசி, கூட்டுறவு சங்கக் கடன், கோமாரி வந்த மாடு என்று அரசாங்க ரேடியோவில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்த நேரங்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதிக் காணோம். பாட்டு திரும்பத் திரும்ப வரும், மனசில் தங்கிவிடும். பேச்சு ஒரு தடவை வந்து போய்விடும்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிப் பாசனம் எங்களுக்கு. மாலை ஆறரை மணி மாநிலச் செய்தியில் மேட்டூர் அணை நிலவரம் வரும்போது அப்பாவின் வலது கை தானாக உயரும். அந்தக் கை உயர்ந்துவிட்டால் வீட்டில் குழந்தை அழக்கூடாது, அடுப்படியில் பாத்திரம் உருளக்கூடாது. நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. அவ்வளவுதான் செய்தி. கை இறங்கும். முகத்தைப் பார்த்தே அணையில் எவ்வளவு இருக்கிறதென்று அம்மா சொல்லிவிடுவாள்.

மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை உண்டு. தொண்ணூறு அடிக்குக் கீழே கிடந்தால் திறப்பார்களா என்பது சந்தேகம். அந்த எண்தான் அடகு நகையை மீட்பதிலிருந்து பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடிப்பதுவரை தீர்மானித்தது. "தொண்ணூறத் தாண்டட்டும், பாப்பம்" என்று நகைக்கடைக்காரரிடம் பெரியப்பா சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அணை திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, எங்கள் வாய்க்காலில் நுரையும் சருகுமாக வந்து சேரப் பல நாள் ஆகும். அதன் எண் மட்டும் அன்றைக்கே வந்துவிடும். வராத தண்ணீரை வைத்துக்கொண்டு ஊர் ஒரு வாரம் பேசிக்கொண்டிருக்கும்.

வானிலை அறிக்கைக்கு இந்த மரியாதை கிடையாது. ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்றால் அந்த ஓரிரு இடம் எங்கள் ஊராக ஒருநாளும் இருந்ததில்லை.

திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அதற்கு நிஜமான மதிப்பு வந்தது 1960-களின் நடுவில், ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது. நான் பிறப்பதை ஒட்டி நடந்த கதை அது. அப்பா சொல்லித்தான் தெரியும். தஞ்சாவூர் மாவட்டத்தை அடர் விவசாயத் திட்டத்துக்கு எடுத்திருந்தார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் ரகத்தையும் நம்மூர் ரகத்தையும் ஒட்டி ஒரு குறுகிய கால நெல்லை எடுத்தார்கள். குறுவைக்குத் தோதானது, அறுத்த கையோடு தாளடிக்குப் போய்விடலாம். அந்த நெல்லைப் பற்றி வானொலியில் விடாமல் பேசினார்கள். எப்படி நாற்று விடுவது, எவ்வளவு இடைவெளி, எப்போது மேலுரம் என்று எல்லாம் ரேடியோ வழியாகவே ஊருக்குள் வந்ததால் ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விதைக்கடையில் ஆடுதுறை 27 என்று கேட்டவர்களைவிட ரேடியோ நெல் என்று கேட்டவர்களே அதிகம் என்பார் அப்பா. அப்பாயிக்கு மட்டும் அதன் சோறு கடைசிவரை பிடிக்கவில்லை. "ரேடியோவுல பேசுனா பசி அடங்கிடுமா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள்.

1966-ல் வானொலி நிலையங்களில் பண்ணைக்கும் வீட்டுக்குமென்று தனிப் பிரிவே வந்தது. நான் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியபோது அந்த நிகழ்ச்சிகள் நன்றாக ஊன்றிவிட்டிருந்தன. அந்தப் பேச்சின் நடையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. 'விவசாயப் பெருமக்களே' என்று ஆரம்பிக்கும். வேளாண்மை அலுவலர் காகிதத்தைப் பார்த்து வாசிப்பது, தாளைத் திருப்பும் ஓசை உட்பட, தெளிவாகக் கேட்கும். ஏக்கருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து, இத்தனை கிலோ மணிச்சத்து, சாம்பல் சத்து. கேள்வி கேட்பவரும் எழுதி வைத்துத்தான் கேட்பார். ஒரு விவசாயி இன்னொருவரிடம், "அப்படியானால் இலைச்சுருட்டுப் புழுவைக் கட்டுப்படுத்த என்ன செய்யலாம் என்று கூறுங்களேன்" என்பார். எங்கள் ஊரில் எந்த மனிதரும் யாரிடமும் 'கூறுங்களேன்' என்று சொன்னது கிடையாது. தஞ்சாவூர்ப் பேச்சை அச்சு அசலாக எழுத்தில் கொண்டுவந்த தி. ஜானகிராமன் வானொலியில் கல்வி ஒலிபரப்பில் வேலை பார்த்தவர். ஆனாலும் மைக் முன்னால் வந்து உட்கார்ந்த உடனே எல்லோருக்கும் ஏனோ பாடப்புத்தகம் வாயில் ஏறிக்கொள்ளும்.

அப்பா அந்தக் குறையைத் தன் பங்குக்கு நிரப்பிவிடுவார். பெட்டியோடு பேசுவார். "மருந்து அடிங்கிற. வெல என்னன்னு சொன்னியா?" என்பார். "எங்க வயல்ல வந்து நின்னு சொல்லு பாப்பம்" என்பார். ஆனால் மறுநாள் காலையில் ரேடியோவில் சொன்ன மருந்தைத்தான் வாங்கப் போவார். திருச்சிக்கும் எங்கள் திண்ணைக்கும் நடந்த அந்த உரையாடலில் ஒரு பாதி மட்டுமே ஒலிபரப்பானது.

பெட்டி இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கம்பத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி. சாயங்காலமானால் பியூன் வந்து உள்ளே பெட்டியைத் திருப்பி விடுவார். கம்பத்தைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடை உண்டு. மேடையில் உட்கார்ந்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். வயலில் நட்டவர்களும் அறுத்தவர்களும் வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் நின்றோ குந்தியோ கேட்பார்கள். ஒலிபெருக்கிக்குத் தெருக் கணக்கு தெரியாது, சத்தம் அங்கேயும் அதே அளவில்தான் போய்ச் சேர்ந்தது. உட்காரும் இடம் மட்டும் மாறவில்லை. அந்த வயதில் அதை நான் ஒரு விஷயமாகவே கவனித்ததில்லை.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் புயல் கரை கடந்த ராத்திரி மட்டும் அந்தக் கணக்கு குலைந்தது. கரண்ட் போய்விட்டது. கீழ்த்தெருக் கூரைகள் பிய்த்துக்கொண்டு போக, அங்கிருந்தவர்கள் பிள்ளைகுட்டியோடு எங்கள் வீட்டு நெல் பத்தாயம் இருந்த கூடத்துக்கு வந்துவிட்டார்கள். சித்தப்பாவின் பேட்டரி டிரான்சிஸ்டரை நடுவில் வைத்தோம். காற்றின் இரைச்சலில் அது கரகரவென்று என்னவோ சொல்ல, யாருக்காவது ஒரு சொல் பிடிபட்டால் மற்றவர்களுக்குச் சொல்லுவார்கள். விடிந்ததும் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பஞ்சாயத்து மேடையில் பழைய ஏற்பாடே தொடர்ந்தது.

பெண்களுக்கு மதியம். ஆண்கள் உண்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில் மகளிர் நிகழ்ச்சி வரும். அம்மா முறத்தோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கொல்லையில் முருங்கை, கீரை போடுவது, கேழ்வரகில் என்ன சத்து, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணீர் எங்கள் தெருவில் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது; வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குத் தண்ணீரே கொடுக்கக்கூடாது என்றிருந்த ஊர் அது. நடுநடுவே சிவப்பு முக்கோணப் பேச்சும், அதாவது குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சும், வந்துவிடும். இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதுபோல ஒருத்தி, "எனக்கு ரெண்டு போதும்னு முடிவு பண்ணிட்டோம்" என்பாள். கூடத்தில் படுத்திருக்கும் அப்பா கண்ணைத் திறக்காமலே, "சத்தத்தக் கொற" என்பார். அம்மா குறைப்பாள். ஆனால் நிறுத்த மாட்டாள். குறைந்த சத்தத்தில் கேட்க வேண்டி அக்கம்பக்கத்துப் பெண்கள் பெட்டியை நெருங்கி உட்காருவார்கள். ஒட்டுக் கேட்க வந்த என்னை விரட்டுவதற்கு அப்பாயி ஒரு விசிறிக் கட்டை வைத்திருந்தாள்.

நான் பத்தாவது படித்த வருஷம் எங்கள் ஊருக்கே ஒலிப்பதிவு செய்ய வந்தார்கள். ஜீப்பில் தோல் உறை போட்ட ஒரு டேப் ரெக்கார்டர், கையில் மைக், கழுத்தில் ஹெட்போன். அப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவர் முதல் நாளே முகச்சவரம் செய்துகொண்டு, வெள்ளை வேட்டி எடுத்து வைத்து, என்ன சொல்வதென்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நிற்க வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து அடுத்த வயல்காரரின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினோம். "மும்முனைக் கரண்ட் வந்து அரை மணி ஆவல. ரேடியோவா எனக்குத் தண்ணி பாச்சும்?" என்று பதில் வந்தது. பேட்டி எடுக்க வந்தவர் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, வயல் என்றால் மோட்டார் இருக்கத்தானே செய்யும் என்று அப்படியே பதிவு செய்தார். அப்பா முதலில் ரேடியோ விவசாயிபோலவே பேசினார். 'கூறுகிறேன்' என்றுகூட ஒரு தடவை வந்துவிட்டது. மோட்டார் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்ததில் பத்து வாக்கியத்துக்குள் அதெல்லாம் உதிர்ந்து, வயலில் ஆட்களோடு பேசும் குரல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் நன்றாக இருந்தது.

ஒலிபரப்பான அன்று ஊரே கேட்டது. அப்பாவைப் பாராட்ட வந்தவர்களைவிட மோட்டார்க்காரருக்குத்தான் கூட்டம். "என் மோட்டார்தான் அது, சத்தம் தெரியல?" என்று பேரன் கல்யாணம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே நடவுப் பாட்டும் எடுத்தார்கள். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சேற்றில் நின்றபடியே பாடினார்கள். கூட்டத்துக்குத் தலைமை எங்கள் வீட்டுக்கு ஆள் சேர்த்து வரும் ஓர் அக்கா. அந்தப் பாட்டை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் கூலி நெல்லை அளக்கிற மரக்காலைக் கிண்டல் செய்து ஓர் அடி வரும். அந்த இடத்தில் எல்லோரும் ஒருத்தி முதுகில் ஒருத்தி தட்டிச் சிரிப்பார்கள். அன்று அந்த அடி வரவில்லை. வானொலிக்காரர்கள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படி ஓர் அடி இருப்பதே தெரியாது. சாயங்காலம் கொல்லைப்பக்கம் வந்த அக்காவிடம் அம்மா, "ஏன், மரக்கா அடிய முழுங்கிட்டீங்க?" என்று கேட்டாள். "ஐயா வரப்புல நிக்கிறாங்களே, எப்படிம்மா பாடுறது?" என்றார் அக்கா.

அந்தப் பதில் பல வருஷம் கழித்துத்தான் எனக்குள் வேலை செய்தது. அதே நாளில், அதே வயலில், அப்பாவிடம் கேள்வி கேட்டார்கள். அந்தப் பெண்களைப் பாடச் சொன்னார்கள். நாற்று எத்தனை நாளில் பறிக்க வேண்டும், சேறு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்பாவைவிட அந்த அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கேள்வியாவது அவரிடம் கேட்டிருக்கலாம் என்று அன்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நெல் பேசப்பட்டது, கூலி பேசப்படவில்லை. பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், கீழ்வெண்மணியில், 1968 கிறிஸ்துமஸ் நாளில் 44 பேரைக் குடிசையோடு எரித்த மண் இது; கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த கொடுமை. அப்புறமும் நான் கேட்டு வளர்ந்த பண்ணைப் பேச்சுகளில் மரக்கால் அளவைப் பற்றி ஒரு பேச்சும் என் காதில் விழுந்ததில்லை. மத்திய அரசின் செய்தித்துறை நேரடியாக நடத்திய வானொலி அது. 1997-ல் பிரசார் பாரதி வரும்வரை அதுதான் நிலைமை. சண்டைக்கு இழுக்கும் விஷயத்தை யார் எழுதிக் கொடுத்து வாசிப்பார்கள்? பூச்சிக்கு எதிர்க்கட்சி இல்லை; ஆகவே பூச்சியைப் பற்றி நிறையப் பேசினோம்.

இதைச் சொன்னதால் அந்த ரேடியோவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரதாரர் இல்லாமல், ஒரு ஜில்லாவின் புழுவையும் வாய்க்காலையும் அன்றாடம் பேச அரை மணி ஒதுக்கிவைத்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது. இன்றைக்கு இத்தனை தொலைக்காட்சி இருக்கிறது. எதிலாவது ஓர் ஊரின் மதகு பழுதானதைப் பற்றி, யாரும் யாரையும் பார்த்துக் கத்தாமல், பதினைந்து நிமிஷம் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

1980-களின் இறுதியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் வந்தார். சென்னை நிலையத்திலிருந்து 'இன்று ஒரு தகவல்'. காலையில் சில நிமிடங்கள்தான். அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவோர் பலர் ஒரு விஷயத்தைத் தாண்டிவிடுகிறார்கள்: அவர் விவசாயப் பட்டதாரி. கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு கிராமத்துக்காரர். வானொலிக்குள் அவர் நுழைந்ததே திருநெல்வேலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சி வழியாகத்தான். அப்பாவுக்கு அவரைப் பிடித்ததற்கு அதுவே காரணம். "இவன் வரப்புல நடந்த ஆளு" என்பார். தென்கச்சி சிரிக்க மாட்டார். குரலை ஏற்ற மாட்டார். பெரிய அறிவியல் செய்தியையும் ஏதோ பக்கத்து வீட்டு வம்புபோலத் தொடங்கி, கடைசியில் ஒரு குட்டிக் கதையைப் போட்டு விட்டுப் போய்விடுவார். சிரிப்பு நமக்கு அவர் போனபின் வரும். 'கூறுங்களேன்' காலம் அவர் வாயில்தான் முடிந்தது என்று நான் நினைக்கிறேன். 2009-ல் அவர் இறந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் அவரை நேரில் பார்த்திராதவர்கள் உறவுக்காரர்போல விசாரித்துக்கொண்டார்கள்.

பிறகு நேரலைத் தொலைபேசி நிகழ்ச்சிகள் வந்தன. எழுதி வாசித்த காலம் அதோடு போயிற்று. எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆட்கள் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் பாதி நேரம், "உங்க ரேடியோவக் கொஞ்சம் தள்ளி வைங்க, சத்தம் திரும்பி வருது" என்பதிலேயே போகும். தன் குரல் தன் பெட்டியிலேயே வருவதைக் கேட்காமல் தள்ளி வைக்க யாருக்கு மனசு வரும்? டாக்டர் வரும் நாளில் எல்லாப் பெண்களும் 'பக்கத்து வீட்டுக்காரிக்கு' சந்தேகம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வெள்ளைபடுகிறது, பக்கத்து வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டிபோல இருக்கிறது. ஒரு டாக்டரம்மா இருந்தார். கொஞ்சமும் சிரிக்காமல், "அவங்கள நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க, நீங்களும் கூட வாங்க" என்பார். சிவப்பு முக்கோணத்துக்குச் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன அப்பா, வயசான காலத்தில் இதையெல்லாம் முழுச் சத்தத்தில் கேட்டார். காது மந்தமாகிவிட்டது என்று காரணம் சொன்னார்.

இப்போது பேச்சு வேறு இடங்களிலும் கேட்கிறது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2016-ல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' வந்தது. ராமேஸ்வரம் போயிருந்தபோது அதைக் கேட்டேன். ஒரு மீனவர் தன் பேச்சில் எதையும் மாற்றிக்கொள்ளாமல் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதி எனக்குப் புரியவில்லை. புரியாததில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்காகப் பேசப்பட்டதல்ல அது.

அப்பா இருந்த கடைசி வருஷங்களில் ஒரு நாள், நான் ஊருக்குப் போயிருந்தபோது, ஊரக வளர்ச்சி அதிகாரி ஒருவர் நேரலையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த நிலையம் என்பது வேண்டாம். நூறு நாள் வேலை பற்றி. ஒரு பெண் கூப்பிட்டார். நடுத்தர வயதுக் குரல்.

"ரேடியோவத் தள்ளி வைங்கம்மா."

"ரேடியோ என்னுது இல்லிங்க. பக்கத்து வூட்டுது. நான் சொன்னா தள்ளி வக்கமாட்டாங்க."

அறிவிப்பாளர் சிரித்துவிட்டு, சரி சொல்லுங்கள் என்றார். மூன்று வாரமாகக் கூலி வரவில்லை என்றார் அந்த அம்மாள். அதிகாரி திட்டத்தின் நோக்கத்திலிருந்து தொடங்கினார். வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது, அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகப் போனார். அப்பா பெட்டியைப் பார்த்து, "கேட்டதுக்குச் சொல்லேன்யா" என்றார். அதைக் கேட்டதுபோலவே அந்தப் பெண் இடையில் புகுந்தார்.

"அதெல்லாம் இருக்குங்க. வேல செஞ்சா பதினஞ்சு நாள்ல கூலி குடுக்கணும்னு சட்டம் இருக்குன்னு போன தடவ நீங்கதான இதே ரேடியோவுல சொன்னீங்க? நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கோட இருபத்தியொண்ணு ஆச்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அதிகாரி, எந்த ஊராட்சி, எந்த ஒன்றியம் என்று கேட்டார். அவர் நிதானமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார். கூட வேலை செய்த மற்ற பெண்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார். நன்றி, அடுத்த நேயருக்குப் போவோம் என்று அறிவிப்பாளர் முடிக்கப் பார்க்க, அந்த அம்மாள் விடவில்லை.

"எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டேன் என்று அதிகாரி வாயால் சொன்ன பிறகுதான் போனை வைத்தார்.